கடைசிப் பேருந்து போன பிறகு

ஜப்பானுக்குக் கிளம்புகிறவர்களின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று மூன்று நகரங்கள். நடுவில் ஃபுஜி மலைக்கு ஒரு பகல். பழைமை மாறாதது என்று பெயர் வாங்கிய ஏதாவது ஒரு கிராமத்துக்கு ஒரு பகல். காலை பத்தரைக்கு அந்தக் கிராமத்தில் இறங்கி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, படம் பிடித்து, ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு மூன்று மணிப் பேருந்தில் ஏறிவிடுவார்கள். ஊர் திரும்பியதும், “அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஒரே கூட்டம், எங்கே பார்த்தாலும் கடை” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அந்த நான்கரை மணி நேரத்தில் அங்கே கூட்டமும் கடையும்தான் இருக்கும். கடைசிப் பேருந்து போன பிறகும், மறுநாள் முதல் பேருந்து வருவதற்கு முன்பும்தான் ஊர் தன் இயல்பில் இருக்கும். ஆகவே இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: நான்கு சிற்றூர்களைப் பகலில் பார்த்துவிட்டு வருவதைவிட ஒரே ஒரு சிற்றூரில் இரண்டு இரவு தங்குங்கள். பணம், மொழி, சாப்பாடு, முழங்கால் என்று இதற்கு நியாயமான தடைகள் பல உண்டு. அவற்றை எடுத்துப் பார்க்கும் முன் ஓர் ஊரைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம்.

நாகானோ மாகாணத்தின் தென்மேற்கில், கிசோ பள்ளத்தாக்கில் இருக்கிறது ட்சுமாகோ. இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. எடோவையும் கியோட்டோவையும் மலைகளின் ஊடாக இணைத்த நாகாசெண்டோ என்னும் பெருவழியில் 69 சத்திர ஊர்கள் இருந்தன. எடோவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் இது 42-வது. பிரபுக்களும் பரிவாரங்களும், யாத்திரிகர்களும் வணிகர்களும் இரவைக் கழிக்கவென்றே உருவான ஊர். சூவோ ரயில் பாதை 1911-இல் முழுமையாகத் திறக்கப்பட்டதும் பெருவழியில் நடப்பவர்கள் குறைந்தார்கள். ட்சுமாகோவின் பிழைப்பும் அதோடு போயிற்று. கையில் பணமில்லாத ஊரில் யாரும் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. 1968-இல் பழைய வீடுகளைச் சீரமைக்கத் தொடங்கியபோது அத்தனை மரமுகப்புகள் எஞ்சி நின்றதற்கு அந்த வறுமை ஒரு காரணம். 1971-இல் ஊரார் கூடி ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள்: வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. மரபுக் கட்டடத் தொகுதிகளைக் காக்க அரசு பட்டியல் போட்டபோது, 1976-இல் முதன்முதலாக அதில் இடம்பெற்ற ஊர்களில் ட்சுமாகோவும் ஒன்று. மின்கம்பிகளைத் தெருவில் கண்ணில் படாமல் மறைத்தார்கள். பகலில் பெருந்தெருவுக்குள் கார் வரக் கூடாது என்று வைத்தார்கள். இரவு தங்குகிறவர்களுக்காகப் பிறந்து, அவர்கள் வராமல் போனதால் நொடித்து, இருக்கிற வீடுகளைக் கட்டிக் காத்து மீண்ட ஊர் இது. பகலில் வந்து போகிறவர் பார்ப்பது இதன் முகப்பை மட்டும்.

கடிகாரத்தை வைத்து அந்தத் தெருவைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பத்து மணி தொடங்கிக் கடைகளின் மரக்கதவுகள் திறந்திருக்கும். ஹினோகி என்னும் சைப்ரஸ் மரத்தின் மெல்லிய சீவலில் பின்னிய தொப்பிகள், மரக்கிண்ணங்கள், குச்சியில் செருகித் தணலில் வாட்டிய கோஹேய் மோச்சி என்னும் அரிசிப் பண்டம். நான்கு மணிக்கு மேல் ஒவ்வொரு கடையாக அடைக்கத் தொடங்கும். ஐந்தரைக்கு வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. மலைகளுக்கு நடுவே இருப்பதால் இருட்டும் சீக்கிரமே இறங்கும். ஜப்பானில் பல சிற்றூர்களில் மாலை ஐந்து மணிவாக்கில் ஊர் ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு ஒலிக்கும். நிலநடுக்கம், வெள்ளம் போன்ற ஆபத்துக்கால அறிவிப்புக்கான ஒலிபெருக்கி அது. தினமும் அது வேலை செய்கிறதா என்று சோதிக்கவும், விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்கவும் அந்த மெட்டு. அதன் பிறகு காதில் விழுவது வாய்க்கால் தண்ணீரின் ஓட்டம். கதவுச் சட்டங்களின் இடுக்கு வழியே உள்விளக்கின் வெளிச்சம் தெருவில் கோடு கோடாக விழும். குளித்துவிட்டு யுகாதா என்னும் பருத்தி அங்கி உடுத்திய விருந்தினர் நாலைந்து பேர் மெல்ல நடப்பார்கள். காலை ஆறரைக்குத் தெருப் பெருக்கும் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கும். பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் மேலேறும். இவை எதற்கும் நுழைவுச் சீட்டு கிடையாது. மூன்று மணிப் பேருந்தில் போகிறவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது.

இது ட்சுமாகோவுக்கு மட்டும் பொருந்துவது என்று யாராவது சொல்லலாம். ஆனால் ஷிராகவா-கோவிலும் இதே கதைதான். கூப்பிய கைகளைப் போல ஏறக்குறைய 60 பாகைச் சரிவில் நிற்கும் புல் வேய்ந்த கூரைகளுக்காக 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கிராமம் அது. இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத அந்த ஊராட்சிக்கு, கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்கு 15 லட்சம் பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சில மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள். நாட்டின் மொத்தக் கணக்கைப் பார்த்தாலும் நெருக்கடி புரியும்: 2019-இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 18 லட்சம், 2024-இல் 3 கோடியே 68 லட்சம். கூட்டம் எங்கே, எந்த நேரத்தில் உறுத்துகிறது என்பதை ஊர்களே வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கிவிட்டன. ஃபுஜிகாவாகுச்சிகோ நகரம், ஒரு கடையின் பின்னணியில் ஃபுஜி மலை தெரியும் இடத்தில் படமெடுப்போர் தெருவை அடைத்துக்கொண்டதால், 2024 மே மாதம் இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் திரை கட்டி மலையையே மறைத்தது. யமகாதா மாகாணத்தின் கின்சான் ஓன்சென் என்னும் வெந்நீரூற்று ஊர், 2025 தொடக்கத்தில் பனிக்காலத்துக்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: இரவு எட்டு மணிக்கு மேல், அங்கே அறை எடுத்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் நின்று படமெடுத்துவிட்டு நகர்கிறவருக்கு முன் திரை விழுந்தது. அறை எடுத்துத் தங்குகிறவருக்குத் தெரு திறந்திருக்கிறது.

தங்குவது சரி, ஏன் இரண்டு இரவு என்று கேட்கலாம். ஓர் இரவுத் தங்கலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடுதியில் மாலை மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான் அறை கிடைக்கும். ஆறு மணிக்குச் சாப்பாடு. காலை பத்துக்குள் காலி செய்ய வேண்டும். இதில் முதல் நாள் மாலை புதிய இடத்தின் பழக்கங்களைக் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும்: எந்தச் செருப்பு எங்கே, குளியல் எத்தனை மணிக்கு, கழிப்பறை எந்தப் பக்கம். மறுநாள் காலை மூட்டை கட்டும் அவசரம். இரண்டாம் இரவு சேர்ந்தால் நடுவில் முழுசாக ஒரு நாள் கிடைக்கிறது, அதுவும் கையில் சுமையில்லாமல். கிசோவில் அந்த நாளுக்கு என்ன செய்வது என்று தேட வேண்டியதே இல்லை. அடுத்த சத்திர ஊரான மாகோமேயிலிருந்து ட்சுமாகோ வரை பழைய பெருவழி சுமார் 8 கிலோமீட்டர். இரண்டரை முதல் மூன்று மணி நேர நடை. காலைப் பேருந்தில் மாகோமேக்குப் போய், அங்கிருந்து உங்கள் விடுதியை நோக்கி நடந்து வாருங்கள். இந்தத் திசையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மாகோமே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இடையிலுள்ள கணவாய் 800 மீட்டரை ஒட்டி, ட்சுமாகோ அதற்கெல்லாம் கீழே 400 சொச்சத்தில். ஆகவே ஏற்றம் குறைவு, இறக்கம் நீளம்.

மாகோமேயைப் பற்றி ஒரு வார்த்தை. 1895-லும் 1915-லும் பெருந்தீயில் எரிந்து, திரும்பக் கட்டப்பட்ட ஊர் அது. எழுத்தாளர் ஷிமாசாகி தோசோன் 1872-இல் பிறந்தது அங்கேதான். அவர் பிறந்த இடத்தில் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. செங்குத்தான கல்பாவிய தெருவும் தேநீர்க் கடைகளுமாக அழகாகவே இருக்கும், ஆனாலும் நேரத்தை வழிக்கு மிச்சம் வையுங்கள். ஊர் முடிந்ததும் பாதை வயல்களைக் கடந்து சைப்ரஸ் காட்டுக்குள் நுழைகிறது. ஓவாரி பிரபுக்களின் ஆட்சியில் இந்தக் காட்டின் மரத்தை வெட்டினால் கடும் தண்டனை. “மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று” என்பது இன்றும் கிசோவில் வழங்கும் சொல். ட்சுமாகோவில் ஓகுயா என்னும் பழைய மாளிகையைப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும். 1877-இல், தடை நீங்கிய பிறகு, முழுக்க ஹினோகி மரத்தால் கட்டிய வீடு அது. குளிர்காலத்தில் சன்னல் சட்டங்களின் வழியே வரும் வெயில் அடுப்புப் புகையில் பட்டுத் தனித்தனிப் பட்டைகளாக நிற்கும். காட்டுப் பாதையில் கரடியை எச்சரிக்க ஆங்காங்கே மணி தொங்கும். கூச்சப்படாமல் பலமாக அடியுங்கள், இங்கே கரடி உண்மையிலேயே உண்டு. பாதி வழியில் ஒரு பழைய தேநீர்ச் சாவடி. தரைக்குழி அடுப்பின் மேல் கொக்கியில் இரும்புக் கெண்டி தொங்கும். தேநீருக்கு விலை கிடையாது, விருப்பப்பட்டதை உண்டியலில் போடலாம். ட்சுமாகோவில் பேருந்து பிடிக்க ஓடுகிறவர்கள் இந்தச் சாவடியில் ஐந்து நிமிடம் நிற்பதே அரிது. அன்று இரவு ட்சுமாகோவிலேயே படுக்கை இருக்கிறவருக்கு அந்த அவசரம் கிடையாது. அதே 8 கிலோமீட்டர், ஆனால் வேறு நடை.

முதல் தடை பணம். ஜப்பானில் உணவோடு கூடிய விடுதிக் கட்டணம் அறைக்கு இத்தனை என்று இராது, ஆளுக்கு இத்தனை என்றிருக்கும். இதைத் தெரியாமல் கணக்குப் போட்டு அதிர்ந்துபோகிறவர்கள் பலர். மின்ஷுகு எனப்படும் குடும்ப விடுதியில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்குப் பெரும்பாலும் 10,000 முதல் 15,000 யென் வரை ஆகும். கேட்டவுடன் அதிகமாகத் தோன்றும். எதற்குப் பதிலாக இந்தச் செலவு என்று பார்க்க வேண்டும். ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென், போய்வர 28,000. மூன்று நகரம், ஒரு சிற்றூர் என்று போகிறவருக்கு இன்று அந்த பாஸ் கட்டுப்படியாகாது. அதற்கும் மேலே ஒரு கெடுதல்: 50,000 கொடுத்தவர் அந்தப் பணத்தை எடுக்க ஒவ்வொரு நாளும் ரயிலேறுவார். மிக நீண்ட தூரம் போய் மிகக் குறைந்த நேரம் நிற்கும் பயணத் திட்டங்கள் பலவற்றுக்கு வேர் இந்த பாஸ்தான். அதை விடுங்கள். தேவையான பயணச்சீட்டைத் தனித்தனியாக வாங்கி, மிச்சமாகும் தொகையைச் சிற்றூர் விடுதிக்கு ஒதுக்குங்கள். கிசோவுக்குப் போக, நகோயாவிலிருந்து நாகாட்சுகாவாவுக்கு விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஷினானோ என்னும் சிறப்பு விரைவு வண்டியில் 50 நிமிடம். அங்கிருந்து மாகோமேக்குப் பேருந்தில் அரை மணிக்கும் குறைவு. ட்சுமாகோவுக்கு நாகிசோ நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடப் பேருந்துப் பயணம். பேருந்து இல்லையென்றால் ஒரு மணி நேர நடை.

பெரிய பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஜப்பான் 1976-லேயே விடை கண்டுவிட்டது. தக்யூபின் என்னும் வீடு தேடி வரும் பொதிச் சேவை அந்த ஆண்டு தொடங்கியது. டோக்கியோ ஓட்டல் வரவேற்பு மேசையில் பெட்டியைக் கொடுத்து, கியோட்டோ ஓட்டல் முகவரியை எழுதினால், பெரும்பாலும் மறுநாள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் இரண்டு இரவுக்கான துணியோடு ஒரு தோள்பையை மட்டும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகலாம். இது சொகுசுக்காகச் சொல்வதில்லை. சிற்றூர் நிலையங்களில் மின்தூக்கி இராது, பேருந்தில் பெட்டி வைக்க இடம் இராது, கல்பாவிய தெருவில் உருளைச் சக்கரம் உருளாது.

கிளைப் பாதைகளிலும் கிராமப் பேருந்துகளிலும் கட்டணம் செலுத்தும் முறையை முன்பே தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். பல பாதைகளில் நடத்துநர் இல்லை. ஓட்டுநர் ஒருவரே எல்லாம். வழக்கமாகப் பின்கதவால் ஏற வேண்டும். ஏறும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி நாக்கை நீட்டுவது போல ஒரு துண்டுச் சீட்டை நீட்டும். அதில் ஓர் எண் இருக்கும். நீங்கள் எந்த நிறுத்தத்தில் ஏறினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி, தொலைக்கக் கூடாது. ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு பலகையில் எண்களும் அவற்றின் கீழே தொகையும் ஒளிரும். ஒவ்வொரு நிறுத்தம் தாண்டும்போதும் தொகை ஏறும். இறங்கும்போது உங்கள் எண்ணுக்குக் கீழே என்ன தொகை இருக்கிறதோ அதைச் சீட்டோடு சேர்த்து ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் போட்டுவிட்டு முன்கதவால் இறங்குங்கள். பெட்டி மீதிச் சில்லறை தராது. அதன் பக்கவாட்டில் ஆயிரம் யென் தாளைச் சில்லறையாக மாற்றும் இடம் இருக்கும். வண்டி நிற்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம், பத்தாயிரம் யென் தாளை அதில் மாற்ற முடியாது. நகரத்தில் எல்லா வாசலையும் திறந்த போக்குவரத்து அட்டை இங்கே பல வண்டிகளில் செல்லுபடியாகாது. அடுத்த தடையான மொழிக்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது: கட்டணம் செலுத்த ஒரு சொல்கூடப் பேச வேண்டியதில்லை.

மீதிப் பாதி விடை விடுதியில் கிடைக்கும். ஜப்பானிய மொழி தெரியாமல் நகரத்தில் சமாளிக்கலாம், கிராமத்தில் எப்படி என்று தயங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நகரத்தில்தான் ஒரு நாளில் நாற்பது முறை எதையாவது கேட்க வேண்டியிருக்கிறது. மின்ஷுகுவில் தேர்ந்தெடுக்க உணவுப் பட்டியலே கிடையாது. என்ன சமைத்தார்களோ அது வரும். தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு நேரங்கள்: இரவுச் சாப்பாடு, குளியல், கதவடைப்பு, காலைச் சாப்பாடு. வீட்டுக்கார அம்மா அவற்றை விரல்விட்டோ தாளில் எழுதியோ காட்டிவிடுவார். மற்றவற்றுக்குக் கைபேசி மொழிபெயர்ப்புச் செயலி போதும். மொழி உண்மையிலேயே குறுக்கே நிற்பது முன்பதிவில்தான். சில விடுதிகள் தொலைபேசி மட்டுமே எடுக்கும், அதுவும் ஜப்பானிய மொழியில். ட்சுமாகோ போன்ற ஊர்களில் சுற்றுலாத் தகவல் மையத்தின் வழியாகக் கேட்டுப் பார்க்கலாம். நகர ஓட்டலின் வரவேற்பாளரும் பேசி உதவுவார்.

சாப்பாட்டுத் தடை உண்மையிலேயே கடினம், குறிப்பாகச் சைவ உணவுக்காரர்களுக்கு. பூசி மெழுகிச் சொல்லிப் பயனில்லை. ஜப்பானியச் சமையலின் அடிநீர் தாஷி. பெரும்பாலும் அது உலர்த்திச் சீவிய சூரை மீனில் இறக்கியது. மீசோ சூப்பிலும், கீரை வதக்கலிலும், வேகவைத்த பூசணியிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மீன் துண்டு இல்லாததால் சைவம் என்று விடுதிக்காரர் நல்லெண்ணத்தோடே நினைத்துக் கொடுக்கக்கூடும். ஆகவே ‘சைவம்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். எதெது ஆகாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். “நிகு மோ சாகானா மோ தாபேமாசென்” என்றால் இறைச்சியும் உண்பதில்லை, மீனும் உண்பதில்லை என்று பொருள். “காட்சுஓ தாஷி மோ தாபேமாசென்” என்றால் சூரைத் தாஷியும் உண்பதில்லை. இதை ஜப்பானிய எழுத்தில் யாரிடமாவது எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும். ஐந்தாறு அறை கொண்ட வீட்டில் கணவனும் மனைவியும் அன்றன்றைக்கு ஆள் எண்ணி வாங்கிச் சமைக்கிறார்கள். வாசலில் வந்து நின்று சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது. முடியாது என்று முன்கூட்டியே பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள், அது நேர்மையான பதில். காலை உணவு மட்டும் உள்ள அறையை எடுக்கலாம் என்று தோன்றும். மாலையில் உணவகம் எதுவும் திறந்திருக்காத ஊரில் அது பட்டினிக்கு வழி. அப்படி எடுத்தால் நாகாட்சுகாவா போன்ற பெரிய ஊரிலேயே சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போங்கள்.

இந்தக் கவலை முழுசாகத் தீர வேண்டுமென்றால் உங்கள் இரண்டு இரவையும் கோயா மலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாகாயாமா மாகாணத்தில் துறவி கூகாய் 816-இல் நிறுவிய பௌத்த மடங்களின் ஊர் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்கள் பயணிகளுக்கு அறை தருகின்றன. அங்கே பரிமாறுவது ஷோஜின் ரியோரி என்னும் துறவிகளின் உணவு: இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. தாஷியும் கொம்பு என்னும் கடற்பாசியிலும் ஷீதாகே காளானிலும் இறக்கியது. உறையவைத்து உலர்த்திய தோஃபு அந்த மலையின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஒசாகாவிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் இந்தச் சாப்பாட்டையும், காலை ஆறு, ஆறரை மணி வழிபாட்டையும் இழக்கிறார்கள். கூகாயின் சமாதிக்குப் போகும் ஓகுனோயின் பாதை இரண்டு கிலோமீட்டர். இருபுறமும் ஓங்கிய தேவதாரு வகை மரங்களும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகளும். அந்தப் பாதையில் விடிகாலை நடக்க முடிவது மலையிலேயே தங்கியவர்களுக்கு மட்டும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே செய்ய என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நகரத்தில் பொழுதுபோக்கு என்று எதைச் சொல்கிறோமோ அது எதுவுமே இராது. அது வேண்டியவர்கள் தங்க வேண்டாம். ஆனால் கண்ணுக்கு வேலை நிறைய உண்டு. வயல் ஓரத்தில் ஆளில்லாத காய்கறித் தட்டி இருக்கும்: பலகையில் கத்தரியும் முள்ளங்கியும், பக்கத்தில் ஒரு தகர டப்பா, 100 யென் என்று எழுதிய அட்டை. எடுக்கிறவர் காசைப் போட்டுவிட்டுப் போகிறார். ஒரு சமூகம் எதன் மேல் நிற்கிறது என்பதைக் கியோட்டோவின் பொன் மண்டபத்தைவிட அந்த டப்பா தெளிவாகக் காட்டும் என்பது என் எண்ணம். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மூத்தவன் முன்னே, சின்னவன் நடுவே என்று வரிசையாகப் போவார்கள். சில வீடுகள் பூட்டியே கிடக்கும். 2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. செய்தித்தாளில் அது ஓர் எண். கிராமத் தெருவில் இரண்டு நாள் நடந்தால் எந்தச் சன்னலில் விளக்கு எரியவில்லை என்று நீங்களே எண்ணிவிடலாம்.

உடம்பைப் பற்றிய தடைக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன். பழைய விடுதியில் படுக்கை தரையில்; சாப்பாடு பெரும்பாலும் தாழ்ந்த மேசையில், தரையில் அமர்ந்து; மாடிப்படி ஏணி போலச் செங்குத்து; கழிப்பறையும் குளியலறையும் பலருக்கும் பொது; அறைகளுக்கு நடுவே காகிதக் கதவு, பூட்டு இராது. முழங்கால் தேய்ந்த பெற்றோரையும் இரவில் அழும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்கிறவர்கள் இதை அழகு என்று நம்பிப் போய் அவதிப்படக் கூடாது. கட்டிலும் மின்தூக்கியும் உள்ள வெந்நீரூற்று ஓட்டலில் அதே இரண்டு இரவைக் கழிக்கலாம். வாதம் ஒன்றும் கெட்டுவிடாது. குளிர்காலத்தில் கிசோவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும். அறைக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு, நடையில் உறைகுளிர். முதல் முறை போகிறவர்களுக்கு மே பிற்பகுதியும் அக்டோபரும் உகந்தவை. ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுப்பகுதி, புத்தாண்டு ஆகிய மூன்று விடுமுறைக் காலங்களையும் தவிருங்கள். பொதுக் குளியலில் ஒரு விதி மட்டும் மீற முடியாதது: வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, நுரையை முழுக்கக் கழுவிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீரில் அடுத்தவரும் இறங்குவார்.

கடைசித் தடை கனமானது. கூட்டமே ஊரைக் கெடுக்கிறது என்றால் இரவிலும் ஊரை விட்டுவைக்காமல் போய்த் தங்கச் சொல்வது நியாயமா? எல்லா ஊருக்கும் ஒரே விடை கிடையாது. ட்சுமாகோவில் தங்கும் தொழில் ஊரின் பழைய தொழில். சாசனம் எழுதிய ஊரார் வீடுகளைக் காப்பதற்கான வருமானத்தில் அதற்கும் பங்கு உண்டு. பகல் பயணி ஒரு தேநீருக்கும் ஓர் இனிப்புக்கும் செலவிடுகிறார். தங்குகிறவரின் பணம் அரிசிக்கடை, தோஃபு செய்கிறவர், துணி வெளுப்பவர் என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. அறைகளின் எண்ணிக்கையே ஓர் அளவு என்பதையும் மறக்கக் கூடாது: பேருந்துகளை நாற்பதுக்குப் பதில் எண்பதாக்கலாம், ஒரு மரவீட்டின் ஐந்து அறையைப் பத்தாக்க முடியாது. விடுதி நடத்துகிறவர்களுக்கு வயதாகிறது, பல வீடுகளில் அடுத்து நடத்த ஆளில்லை. ஆனால் எங்கே வீட்டுக்காரரே வெளியேறி, தெரு முழுவதும் வாடகைக்கு விடும் வீடுகளாக மாறிவிட்டதோ, அங்கே தங்குவது அந்த மாற்றத்துக்குத் துணைபோவதுதான். வீட்டுக்காரர் அதே கூரையின் கீழ் வசிக்கிறாரா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஷிராகவா-கோவில் இடம் கிடைக்கவில்லையென்றால் அதே யுனெஸ்கோ தொகுதியைச் சேர்ந்த கோகாயாமாவின் ஐனோகுரா, சுகானுமா என்னும் சிறு கிராமங்களைப் பாருங்கள். கூரைகள் அதே வகை, ஆள் குறைவு. அங்கே நெருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். புல் கூரைக்கு ஒரு சிகரெட் துண்டு போதும். ஊர் மொத்தமும் கூடி முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வேயும் கூரை அது.

பதிவு உறுதியான பிறகு வர முடியாமல் போனால் உடனே தெரிவியுங்கள். அந்த வீட்டில் உங்கள் தட்டுக்கான மீனோ தோஃபுவோ காலையிலேயே வாங்கியாகிவிடும். பணத்தை நகரத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராம அஞ்சலகத்தின் பணமெடுக்கும் இயந்திரம் வெளிநாட்டு அட்டையை ஏற்கும், ஆனால் மாலையில் மூடிவிடும்; பல விடுதிகளில் ரொக்கம் மட்டும்தான். கட்டணத்தைக் கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவே செலுத்திவிட்டால் காலையில் நெருக்கடி இராது. அந்த மாலையிலேயே நிறுத்தம்வரை நடந்து போய்ப் பேருந்து நேர அட்டவணையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். வேலை நாளுக்கு ஒரு பத்தி, சனி ஞாயிறு மற்றும் விடுமுறைக்கு இன்னொரு பத்தி என்று இரண்டு இருக்கும்; பனிக்காலத்துக்குத் தனித்தாள்கூட ஒட்டியிருக்கலாம். நாளைக்கு எந்தப் பத்தி என்று வீட்டுக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் விரல் வைக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக அங்கே நில்லுங்கள்.